கார்பன் டை ஆக்சைடு பயிருக்குச் சாப்பாடு... களைக்கும்தான்!

‘கார்பன் டை ஆக்சைடு செடிக்குச் சாப்பாடுதானே, கூடினா நல்லதுதானே?’ என்று சமூக வலைதளங்களில் கேட்கிறார்கள். பாதிதான் சரி.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த இந்த வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இதனால் நெல் கூடுதலாக வளரும். ஆனா சோளம், மக்காச்சோளம், கரும்புக்குப் பெரிய லாபமில்லை. இவை ஏற்கெனவே இந்த வாயுவை இலைக்குள் செறிவாக்கிப் பயன்படுத்தும் வகை. அதே வயலில் முளைக்கும் பார்த்தீனியம், வாயு கூடக் கூடச் செழிப்பதைச் சோதனைகள் காட்டுகின்றன. தண்ணீர், உரம், வெயில் மூன்றிலும் களை முந்தும். களையெடுக்கும் கூலி விவசாயி தலையில் விழும்.

நெல்லுக்கும் முழு லாபமில்லை. மகசூல் கூடினாலும் அரிசியில் புரதம், துத்தநாகம் குறைகின்றன. ‘பூமி பசுமையாகுது’ என்று சொல்லி உமிழ்வுக் குறைப்பைத் தள்ளிப்போடுவது வெறும் சாக்கு.