அழுதுவிட்டு மூடிவைக்கக் கூடாத புத்தகங்கள்

"வாசிச்சு அழுதுட்டேன்க்கா" என்றார் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர். ஜெயமோகனின் 'அறம்' (2011) தொகுப்பில் உள்ள 'நூறு நாற்காலிகள்' கதையைத்தான் சொன்னார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூடுகையில் அன்று முழுக்க அதுதான் பேச்சு.

கதை எங்களுக்கும் பிடிக்கும். நாயாடிச் சாதியில் பிறந்து உயர் அதிகாரியான மகன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே நடுங்கும் அம்மாவை மறக்க முடியாது. ஆனால் அழுதவர்களிடம் ஒன்று கேட்டோம். நேர்முகத் தேர்வில் அவனிடம் கேட்கும் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? உன் சாதிக்காரன் ஒரு பக்கம், நீதி மறுபக்கம் என்றால் எங்கே நிற்பாய் என்று கேட்கிறார்கள். சமத்துவம்தான் நீதி என்றால், எதிரே யார் நின்றாலும் அநீதிக்கு ஆளானவன் நாயாடிதான் என்ற பொருளில் பதில் சொல்கிறான். பாதிப் பேருக்கு அந்த இடம் நினைவிலேயே இல்லை! அம்மாவுக்காக மட்டும் அழுதால் அது இரக்கத்தோடு முடிந்துவிடும். எழுதியவர் தலித் அல்ல என்பதற்காகக் கதையை ஒதுக்க வேண்டாம். அதே சமயம், நம்மைப் பற்றி வாசிக்க அது ஒன்று போதும் என்று இருந்துவிடவும் வேண்டாம்.

தகழியின் 'தோட்டியின் மகன்' பற்றியும் இதையேதான் சொல்வோம். மலையாளத்தில் 1947இல் வந்தது, தமிழாக்கியவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. கதை நடப்பது ஆலப்புழையில். ஆனால் இசக்கிமுத்து, சுடலைமுத்து என்ற பெயர்களைப் பாருங்கள், மலம் அள்ள எந்தப் பக்கத்திலிருந்து ஆள் போனது என்று தெரியும். மகன் தோட்டியாகக் கூடாது என்று காசு சேர்க்கும் சுடலைமுத்து, அதற்காகச் சொந்தச் சங்கத்துக்கே துரோகம் செய்கிறான். தனியாகத் தப்பிக்கப் பார்ப்பவனை வில்லனாக்காமல் எழுதியிருப்பது சங்க வேலை செய்கிறவர்களுக்கு முக்கியம்.

இனி நம் ஆட்கள் எழுதியது. பாமாவின் 'கருக்கு' (1992) பலருக்குப் பாடமாகவே இருந்திருக்கும். தேர்வுக்குப் படித்ததை மறந்துவிட்டு, கன்னியர் மடத்துப் பகுதிகளை மட்டும் மறுபடி வாசியுங்கள். கோயிலும் சபையும் தெருவுக்குத் தெரு இருக்கிற நம் மாவட்டத்தில், அந்தப் பக்கங்கள் வேறு மாதிரிக் கேட்கும்.

எங்களை அதிகம் உலுக்கியது ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002). தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் நாவல் என்பதால் சிரித்துக்கொண்டே போகலாம். படித்தும் வேலை கிடைக்காத தலித் கிறித்தவன் கடைசியில் இந்துவாக மாறுகிறான். பக்தியால் இல்லை, சான்றிதழுக்காக. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு மாணவருக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு அலைந்தோம். ஓர் அலுவலகத்தில், "வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டார்கள். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது இந்த நாவல்தான் நினைவுக்கு வந்தது.

ஆங்கிலம் வாசிக்கிறவர்களுக்கு சனல் மோகனின் 'மாடர்னிட்டி ஆஃப் ஸ்லேவரி' (2015). நடை கடினம், எம்.ஏ. சமூகவியல் படித்த எங்களுக்கே சில அத்தியாயங்களில் மூச்சு வாங்கியது. ஆனாலும் விடாதீர்கள். திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை சட்டப்படியே இருந்தது. புலையரும் பறையரும் மிஷன் பள்ளிகளிலும் ஜெப வீடுகளிலும் எப்படித் தங்களை மனிதர்களாகச் சொல்லிக்கொண்டார்கள் என்று அந்த நூல் காட்டுகிறது. வாசிக்கும்போது மயிலாடியை நினைத்துக்கொள்ளுங்கள். 1806இல் ரிங்கல்தௌபே இங்கே வரக் காரணமாக இருந்த மகாராசன் வேதமாணிக்கம், சாம்பவர். மிஷன் வரலாறு என்றதும் வெள்ளைக்காரர் பெயர் மட்டும் சொல்கிறவர்களிடம் இந்தப் பெயரையும் சொல்லுங்கள்.

மாலை வகுப்பு எடுக்கிற தோழர்களுக்கு 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கையைக் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த சித்திர நூல். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் பற்றிய பக்கங்களைத் தாண்டவே விடவில்லை.

'சிலுவைராஜ்' எங்களிடம் ஒரே பிரதிதான். இப்போது அந்தச் சான்றிதழ் மாணவரிடம் இருக்கிறது, பாதி முடித்துவிட்டாராம். அடுத்து யாருக்கு வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.