தோட்டத்துக்கும் சபைப் பணம்

பிரஜாவுரிமைச் சட்டம் 1948இல் நம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்கும் பறிபோனது. போராடி வாக்கைத் திரும்பப் பெற்ற பிறகும் முழு உரிமை வரவில்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவிட 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. நம் வாக்கில் வென்ற உறுப்பினரும் லயத்துப் பாதையைத் திருத்த முடியாமல் கையைப் பிசைந்தார். 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

இனி "அது கம்பனி ரோடு" என்ற சாக்கை நாம் ஏற்கக் கூடாது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, எந்தச் சபையானாலும், எந்தக் கட்சி ஆண்டாலும், பாதை, தண்ணீர், தெருவிளக்கு வேண்டுமென்று எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுப்போம். பதிலையும் எழுத்தில் கேட்போம். கிராமத்துக்குக் கிடைப்பது தோட்டத்துக்கும் கிடைக்க வேண்டும். தலைவர்மார் தரும் சலுகையாக அதை வாங்க வேண்டாம்; பிரஜைகளாகக் கேட்டு வாங்குவோம்.