கிரேக்க அறிவைக் கிறிஸ்தவம் எரித்ததா? ரீல்ஸ் சொல்லாத பாதிக் கதை

கிறிஸ்தவம் வந்துச்சு, நூலகம் எரிஞ்சுது, ஐரோப்பா இருண்டுபோச்சு. இப்படி ஒரு ரீல்ஸ் உங்க ஃபீடுக்கும் வந்திருக்கும். பின்னணியில் பெரும்பாலும் 2009-ல் வந்த ‘அகோரா’ படக் காட்சி ஓடும். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை முதல்ல சொல்லிடலாம். எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் கி.பி. 391 வாக்கில் செராபிஸ் கோயில் தகர்க்கப்பட்டது. 415-ல் அதே நகரில் கணிதமும் தத்துவமும் கற்பித்த ஹைபேஷியாவை ஒரு கிறிஸ்தவக் கும்பல் கொடூரமாகக் கொன்றது. இதுக்கு எந்தச் சப்பைக்கட்டும் வேண்டாம்.

ஆனா அந்தக் கொலையைக் கண்டித்து எழுதி வைத்தவரும் ஒரு கிறிஸ்தவ வரலாற்றாசிரியர்தான். பெயர் சாக்ரடீஸ். (விஷம் குடித்த சாக்ரடீஸ் இல்லை, இவர் வேற!) ஹைபேஷியாவைக் கடிதங்களில் கொண்டாடிய மாணவர் சினீசியஸ், பின்னாளில் பிஷப் ஆனார்.

எனக்கு இதைவிட சுவாரஸ்யமானது 362-ல் நடந்தது. பழைய தெய்வங்களின் பக்கம் திரும்பிய ரோமப் பேரரசர் ஜூலியன், ஹோமரின் கடவுள்களை நம்பாதவர்கள் ஹோமரைப் பாடம் நடத்துவதா என்று கேட்டு, கிறிஸ்தவ ஆசிரியர்களுக்குத் தடை போட்டார். கிறிஸ்தவ அறிஞர்கள் கொதித்துப்போனார்கள். ஹோமரே வேண்டாம்னு நினைத்தவங்க இதுக்கு ஏன் கோபப்படணும்?

அப்போ இழப்பே இல்லையா? இருக்கு. அது நெருப்பைவிட நிதானமா நடந்தது என்பதுதான் என் கருத்து. பாப்பிரஸ் சுருள்கள் நைந்துபோகும். மறுபடி மறுபடி பிரதி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். மேற்கில் ரோம ஆட்சி சரிந்த பிறகு அந்த வேலை பெரும்பாலும் மடாலயங்களின் கைக்குப் போனது. அவங்களுக்குத் தேவைப்பட்டது தப்பித்தது. மற்றதில் நிறைய, யாரும் எரிக்காமலே காணாமல் போனது.

கிழக்கிலும் இதே கதைதான். 10-ம் நூற்றாண்டில், அநேகமாக கான்ஸ்டான்டிநோபிளில், ஆர்க்கிமிடீஸின் நூல்களை ஒருவர் தோல் ஏட்டில் பிரதி எடுத்தார். 1229-ல் இன்னொருவர் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதே ஏட்டில் ஜெபப் புத்தகம் எழுதினார். காப்பாற்றியவரும் கிறிஸ்தவ உலகத்துக்காரர், சுரண்டியவரும் அதே உலகத்துக்காரர். 1906-ல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க், ஜெப வரிகளுக்கு அடியில் மங்கலாகக் கிடந்த ஆர்க்கிமிடீஸைப் படித்தார். அவர் தன் கண்டுபிடிப்பு முறையை விளக்கும் ‘மெத்தட்’ நூலுக்கு, இன்றுவரை நம்மிடம் இருப்பது அந்த ஒரே பிரதிதான்.