வெளுத்ததெல்லாம் பாலா?

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் எதைக் குடிக்கலாம்? வரி குறைந்தபின் வீடுகளில் எழும் கேள்வி

பாதாம் பானம், சோயா பானம், ஓட்ஸ் பானம் என்று பல பெயர்களில் பெட்டிகள் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நிறம் வெள்ளை. பார்வைக்குப் பால். ஆனால் மாடும் இல்லை, மடியும் இல்லை!

இந்தப் பெட்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் வரி குறைந்தது. அதற்கு முன்பு சோயா பானத்துக்கு நூற்றுக்கு 12 வரி. மற்ற தாவர பானங்களுக்கு நூற்றுக்கு 18. இரண்டும் நூற்றுக்கு 5 ஆகக் குறைக்கப்பட்டன.

பணக்காரர் வீட்டுப் பண்டம் என்று ஒதுங்கி நின்றவர்களும் இப்போது பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். "பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்லதாமே, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

வாங்கலாம். ஆனால் யாருக்காக வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். தெரியாமல் வாங்கினால் காசும் போகும். குழந்தையின் உடம்பும் போகும்.

ஒரு வீடு, மூன்று தொல்லை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம்.

தாத்தாவுக்கு வயது 65. இரவில் ஒரு தம்ளர் பால் குடித்தால் போதும். வயிறு பொருமும், கடமுடா என்று சத்தம் போடும். காலையில் இரண்டு மூன்று தடவை வெளியே போக வேண்டி இருக்கும்.

பேத்திக்கு வயது இரண்டரை. பால் குடித்த சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்குகிறது. வாந்தியும் வருகிறது.

கைக்குழந்தைக்கு 8 மாதம். போன வாரம் கடும் வயிற்றுப்போக்கு. அது நின்ற பிறகும், பால் குடித்தால் மறுபடி தண்ணீராகப் போகிறது.

மூன்று பேருக்கும் வீட்டில் ஒரே பெயர்: "பால் சேரவில்லை." மருமகள் கடைக்குப் போனாள். ஒரு பாதாம் பானப் பெட்டி வாங்கி வந்தாள். மூன்று பேருக்கும் அதையே ஊற்றிக் கொடுத்தாள்.

அவள் செய்தது சரியா? சரியில்லை. மூன்று பேருக்கும் தொல்லை வேறு. மருந்தும் வேறு.

தாத்தாவின் வயிறு

பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அதற்கு லாக்டோஸ் என்று பெயர். அதை ஜீரணிக்க நம் குடலில் லாக்டேஸ் என்ற ஒரு பொருள் சுரக்கிறது.

குழந்தைப் பருவத்தில் இது நிறையச் சுரக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு பலருக்குக் குறைந்துகொண்டே போகும். இது நோய் அல்ல, இயற்கை. உலகத்தில் வயது வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு இப்படித்தான். வட மேற்கு இந்தியாவைவிடத் தென் இந்தியாவில் இவர்கள் அதிகம்.

பெரியவர்கள் ஆன பிறகும் சிலருக்குப் பால் நன்றாக ஜீரணம் ஆவது ஏன்? ரத்தத்தோடு வரும் ஒரு பரம்பரை மாற்றமே காரணம் என்று பின்லாந்து விஞ்ஞானிகள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்துப் பால் குடித்து வந்த கூட்டங்களில் இந்த மாற்றம் அதிகம்.

லாக்டேஸ் குறைந்தவர்களுக்கு என்ன ஆகிறது? ஜீரணம் ஆகாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே உள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. வாயு உண்டாகிறது. அதுதான் பொருமல். அந்த வாயுவில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக வெளியே வரும். ஆகையால் பெரிய ஆஸ்பத்திரிகளில் மூச்சுக் காற்றைச் சோதித்தே இதைக் கண்டுபிடித்து விடுகிறார்கள்.

தாத்தா பாலை அடியோடு விட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை. இப்படிப்பட்டவர்களில் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குகிறார்கள். 200 மில்லி பசும்பாலில் சுமார் 9 கிராம்தான் இருக்கிறது. அளவைப் பாதியாகக் குறைக்கலாம். வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பாட்டோடு குடிக்கலாம்.

தயிரும் மோரும் இன்னும் நல்லது. பாலை உறைய வைக்கும் கிருமிகள் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மீதியை ஜீரணிக்கவும் உதவுகின்றன. நெய்யில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை. லாக்டோஸ் நீக்கிய பசும்பாலும் கடைகளில் கிடைக்கிறது. அதில் பாலின் சத்து குறைவதில்லை. சற்று இனிப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆக, தாத்தாவுக்குப் பாதாம் பெட்டி தேவை இல்லை. ஒரு கிண்ணம் தயிர் போதும்!

ஆட்டுப்பாலுக்கு மாறினால் சரியாகும், நாட்டு மாட்டுப் பாலுக்கு மாறினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஆடு, பசு, எருமை எல்லாவற்றின் பாலிலும் லாக்டோஸ் உண்டு.

பேத்தியின் தடிப்பு

பேத்தியின் தொல்லை வேறு. அது வயிற்றுக் கோளாறு அல்ல, ஒவ்வாமை. சர்க்கரை அவளுக்குப் பகை அல்ல. பாலில் உள்ள புரதமே பகை. அந்தப் புரதத்தை எதிரி என்று நினைத்து உடம்பு போர் தொடுக்கிறது. தடிப்பு, வீக்கம், வாந்தி எல்லாம் அந்தப் போரின் அடையாளங்கள்.

இங்கே "கொஞ்சம் குடித்தால் பாதகம் இல்லை" என்ற பேச்சுக்கு இடம் இல்லை. சில குழந்தைகளுக்கு ஒரு கரண்டி பாலே ஆபத்து. மூச்சுத் திணறினாலோ, குழந்தை துவண்டு விழுந்தாலோ, கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இவளுக்குத் தயிரும் கூடாது; லாக்டோஸ் நீக்கிய பாலும் கூடாது. ஆட்டுப்பாலும் கூடாது. பசும்பால் புரதமும் ஆட்டுப்பால் புரதமும் அண்ணன் தம்பி போல. ஒன்று ஆகாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மற்றதும் ஆகாது.

பால் ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. பிஸ்கட், ரொட்டி, சாக்லெட் வாங்கும்போது பொட்டணத்தின் பின்புறம் பாருங்கள். பால் திடப்பொருள், வே, கேசின், கேசினேட் என்று இருந்தால் அதுவும் பால்தான். பால், சோயா, பருப்புக் கொட்டைகள், வேர்க்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் சேர்ந்திருந்தால் அதை லேபிளில் சொல்ல வேண்டும் என்று 2020-ம் ஆண்டு விதிகள் கட்டளை இடுகின்றன. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். "ஒரு வில்லை பால்கோவா தின்றால் என்ன?" என்று அன்போடு நீட்டும் உறவினர்களிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

ஒரு நல்ல செய்தி: பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பலருக்கு, வளர வளர அது தானாக மறைந்து விடுகிறது. ஆனால் மறைந்ததா என்று சோதிப்பது டாக்டர் வேலை. வீட்டில் பால் கொடுத்துப் பரீட்சை பார்க்கக்கூடாது.

எந்தப் பெட்டியில் எவ்வளவு சத்து?

பெட்டி பானம் உண்மையிலேயே உதவுவது பேத்தி போன்றவர்களுக்குத்தான். ஆனால் எந்தப் பெட்டி?

200 மில்லி பசும்பாலில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், சுமார் 240 மில்லிகிராம். இந்த இரண்டையும் உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோயா பானத்தில் ஏறக்குறைய அதே 6 கிராம் புரதம் உண்டு. பாலுக்கு மிக நெருங்கி வருவது இது ஒன்றே. கால்சியமும் வைட்டமின்களும் சேர்த்த சோயா பானத்தை மட்டுமே 2020-ல் வெளிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டி பாலோடு சமமாக வைத்தது. ஆனால் பால் ஒவ்வாத குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது. ஆகையால் டாக்டரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

ஓட்ஸ் பானத்தில் புரதம் சுமார் 2 கிராம்.

பாதாம் பானத்தில் சுமார் 1 கிராம்தான். பாதாம் சத்தான கொட்டை, உண்மைதான். ஆனால் பல பெட்டிகளில் பாதாம் நூற்றுக்குச் சில பங்கே இருக்கிறது. மீதி தண்ணீர். பருப்புக் கொட்டை ஒவ்வாதவர்களுக்குப் பாதாமும் முந்திரியும் ஆபத்து.

அரிசி பானத்தில் புரதம் மிகக் குறைவு. அரிசியில் கலந்திருக்கும் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருளை நினைத்து, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டிஷ் சுகாதாரத் துறை சொல்கிறது.

தேங்காய்ப்பால் நம் வீட்டுப் பண்டம். ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதில் கொழுப்பு அதிகம், புரதம் சொற்பம். ருசிக்கு ஆகும், பாலுக்குப் பதில் ஆகாது.

பெட்டி வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். சர்க்கரை சேர்க்காததா? கால்சியம் சேர்த்ததா? பி-12 வைட்டமின் சேர்த்ததா? சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள்.

சோயா பானத்தை வீட்டிலும் செய்யலாம். சோயா மொச்சையை இரவில் ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். பச்சையாகக் குடித்தால் ஜீரணம் கெடும். ஆனால் வீட்டுப் பானத்தில் யாரும் கால்சியம் சேர்ப்பது இல்லை. அதை வேறு உணவில் ஈடு கட்ட வேண்டும்.

கைக்குழந்தைக்கு எது?

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தாவர பானமும் பாலுக்குப் பதில் ஆகாது. பாதாமும் ஆகாது, தேங்காயும் ஆகாது. கடைப் பெட்டியும் ஆகாது. வீட்டில் அரைத்ததும் ஆகாது. அதை மட்டும் நம்பி வளர்த்தால் குழந்தை மெலிந்து நோயில் விழும்.

வயிற்றுப்போக்கால் குடலின் உட்புறம் புண்பட்டுவிட்டால் லாக்டேஸ் சுரப்பது கொஞ்ச காலம் குறையும். குடல் ஆறியதும் மறுபடி சுரக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகி விடும். அதுவரை தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலிலும் லாக்டோஸ் உண்டே என்று பயப்பட வேண்டாம். பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தை மிக மிக அபூர்வம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையானால், அதற்கென்றே தயாரித்த தனி மாவுப்பால் உண்டு. எது வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பெயர்ச் சண்டை

இந்தப் பானங்களுக்குப் பால் என்று பெயர் வைக்கலாமா? இதுவும் உலகம் முழுவதும் நடக்கும் வழக்கு.

ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் கூடாது என்று சொன்னது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், 2023-ல் வெளியிட்ட நகல் வழிகாட்டியில், பால் என்று சொல்லிக்கொள்ளலாம், சத்து வித்தியாசத்தை லேபிளில் எழுதினால் நல்லது என்றது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் கூடாது என்று உத்தரவிட்டது. தேங்காய்ப்பாலுக்கு மட்டும் வழக்கத்தை ஒட்டி விலக்கு. சில கம்பெனிகள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயின.

இரண்டு பக்கத்துக்கும் வியாபாரம் உண்டு. உலகத்தில் அதிகமாகப் பால் கறக்கும் நாடு இந்தியா. 2023-24-ல் கறந்தது சுமார் 23 கோடியே 93 லட்சம் டன். கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. புதிய கம்பெனிகளுக்கோ புதிய சந்தை வேண்டும்.

ஆனால் பேத்தியின் தாய்க்கு எது முக்கியம்? முன்புறத்துப் பெயர் அல்ல, பின்புறத்துக் கணக்கு! பெயர் பால் என்றிருந்தால், பாலில் உள்ளதெல்லாம் இதிலும் இருக்கும் என்று அவள் நம்பிவிடுவாள். அந்த வகையில் ஆணையத்தின் உத்தரவில் நியாயம் உண்டு. ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. 200 மில்லியில் எவ்வளவு புரதம், எவ்வளவு கால்சியம் என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில் போடச் செய்ய வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்க்கும் அது புரிய வேண்டும். வரியைக் குறைத்த சர்க்கார் இதையும் செய்தால் புண்ணியம்.

பெட்டி வாங்க முடியாதவர்கள்

வரி குறைந்தும் இந்தப் பானங்கள் சாதாரணப் பாலைவிட விலை கூடியவைதான். வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பால் தரும் சத்து வேறு இடத்திலும் இருக்கிறது.

பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் முருங்கைக் கீரையில் 300-க்கு மேல். எள்ளு உருண்டையும், முள்ளோடு தின்னும் நெத்திலியும் எலும்புக்கு நல்லவை. புரதத்துக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் உண்டு. காலையில் சுக்குக் காப்பியோ கடுங்காப்பியோ குடித்தால் போகிறது!

ஒரே ஒரு எச்சரிக்கை. பி-12 வைட்டமின் தாவரங்களில் கிடைப்பதில்லை. மீனும் முட்டையும் இறைச்சியும் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிருமே அதைக் கொடுக்கின்றன. அவர்கள் பாலை அடியோடு விட்டால் டாக்டரைக் கேட்டு அதற்கு வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ரத்த சோகையும் நரம்புத் தளர்ச்சியும் மெல்ல மெல்ல வரும்.

மருமகள் என்ன செய்ய வேண்டும்?

தாத்தாவுக்குத் தயிர். பேத்திக்கு டாக்டரைக் கேட்டுச் சோயா பானமும், முட்டையும், பருப்பும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால். வீட்டில் மற்றவர்களுக்கு வழக்கமான பால். ஒருவருக்கு ஆகவில்லை என்று எல்லோரும் விட வேண்டியதில்லை. பேத்தியின் தம்ளரையும் கரண்டியையும் மட்டும் தனியாக வைத்தால் போதும்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனை ஏமாளி என்பார்கள். அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் இத்தனை பெட்டிகள் இல்லை. இப்போது அது இன்னும் பொருத்தம். பெட்டியைத் திருப்புங்கள். பின்புறத்தைப் படியுங்கள். பிறகு காசைக் கொடுங்கள்.