காவல் நாய்க்கும் கல்வி வேண்டும்

நம்மவர் நாயை இழிவுக்கு உவமை கூறுவர். ஆயினும் நாலடியார் அதன் நட்பை யானையின் நட்பினும் மேலாக வைத்தது. வைரவக் கடவுளுக்கோ அது ஊர்தி. இகழவும் போற்றவும் அறிந்த நாம், அதனைப் பயிற்ற மட்டும் மறந்துவிட்டோம்.

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பகுதிகளிலும் அல்சேஷன் நாய் வளர்க்கும் இல்லங்கள் உள. அது காவலுக்கென்றே பிறந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. ஜேர்மனியில் ஆட்டுமந்தை மேய்த்த நாய்களிலிருந்தே, 1899 ஆம் ஆண்டில், ஸ்தெபானிற்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரி இவ்வினத்தை வகுக்கத் தொடங்கினார். நாள் முழுதும் ஓடி, இடையனின் குரலுக்குச் செவிசாய்த்து வாழவேண்டிய உயிரை ஆறடிச் சங்கிலியிற் கட்டினால், அது ஓயாது குரைக்கும், மண்ணைத் தோண்டும், ஓடும் சிறுவரின் குதிகாலைக் கவ்வும். அது கெட்ட நாயன்று, வேலையற்ற நாய்.

இக்குறைக்கு ஏற்றதொரு மருந்து தடைதாண்டற் பயிற்சியாகும். குதிரைகள் தடைதாண்டும் போட்டியைப் பின்பற்றி, 1978 இல் இலண்டனில் நடந்த கிரவ்ற்ஸ் நாய்க் கண்காட்சியில் இது முதன்முதற் காட்டப்பட்டது. நம் அஸ்கிரியவிலுள்ள பொலிஸ் நாய்ப் பிரிவிலும் நாயும் அதனை நடத்துபவரும் இணைந்தே பயில்கின்றனர். அவ்விணைப்பே பயிற்சியின் உயிர்.

மந்தை நாய் அசையும் பொருளைக் கண்டால் துரத்தும். ஆதலின் முதலில் நிற்கவும், அழைத்தால் வரவும் கற்பிக்க வேண்டும். பின்னர் நிலத்திற் கிடத்திய மூங்கிலைக் கடத்தல், துணிக்குழாயினுள் நுழைதல், தாழ்ந்த பலகைமேல் நடத்தல் என ஒவ்வொன்றாகத் தொடங்கலாம். செய்தவுடன் ஒரு துண்டு உணவும் இன்சொல்லும் தருக. கடுஞ்சொல் இவ்வினத்தின் ஊக்கத்தைக் கெடுக்கும். நாம் சைகை காட்டத் தாமதித்தாலோ, அது நம்மையே சுற்றிவந்து குரைக்கும்; அப்பொழுது திருந்த வேண்டியவர் நாமே. எலும்பு முற்றுமுன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை வயதுவரை, உயரப் பாயவிடலாகாது. இடுப்பு மூட்டுக் குறை இவ்வினத்திற் பெரிதும் காணப்படுவதால், பேராதனைப் பல்கலைக்கழக மிருகவைத்திய பீடம் போன்ற இடத்தில் முன்னரே காட்டுதல் நன்று. நாய் பெரும்பாலும் நாவால் இளைத்தே உடற்சூட்டைத் தணிக்கும். ஆகவே காலையும் மாலையுமே பயிற்சிக்குரிய வேளைகள்.

"கட்டாக்காலி நாய்கள் பசித்திருக்க, இவ்வாடம்பரம் எதற்கு?" என்பார் உளர். இரண்டு செங்கல்லும் ஒரு மூங்கிலும் ஆடம்பரமாகா. மேலும், அடங்கவில்லையென வீதியில் விடப்படும் வீட்டு நாய்களும் அக்கட்டாக்காலிகளின் தொகையைப் பெருக்குகின்றன அன்றோ? பயிற்றிய நாயை எவரும் எளிதிற் கைவிடார்.

ஆதலின் அன்பர்களே, நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்க இயலுமாயின் மந்தை நாயை வளர்ப்பீராக. இயலாதெனின், அழகு கருதியோ அச்சம் கருதியோ அதனை வாங்காதிருப்பதே அறம்.