தனுஷ்கோடிப் பிரயாணமும் நமது ஆயத்தமும்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து விடுமுறை நெருங்குங்கால், நம் கல்லூரி மாணவர் உள்ளத்தில் முதற்கண் எழும் அவா பிரயாணம் பற்றியதேயாம். மதுரையைச் சூழ்ந்த வறண்ட சமவெளியிலே ஆண்டு முழுதும் வெயிலும் புழுதியும் கண்டு சலித்த கண்கள் கடலைக் காண விழைவதில் வியப்பொன்றுமில்லை. அங்ஙனம் விழைவோரிற் பலர் இக்காலத்தில் நாடிச் செல்வது இராமேசுவரத் தீவின் கோடியிலுள்ள தனுஷ்கோடியையே. இருபுறமும் கடல், நடுவே ஒடுங்கிய மணற்றிட்டு, அதன்மீது அரிச்சல்முனை வரை நீண்டு கிடக்கும் சாலை ஆகிய இக்காட்சியை ஒருமுறை கண்டோர் எளிதில் மறவார். ஆயினும், இப்பிரயாணத்துக்கு நாம் செய்யும் ஆயத்தம் மிகக் குறைவு என்பதும், அக்குறை நமக்கு மட்டுமன்றி அவ்விடத்து மக்களுக்கும் தீங்கு பயக்கும் என்பதுமே இங்கு நாம் கூறப் புகும் கருத்து.

முன்னாளில் நிலைமை வேறு. 2017-ஆம் ஆண்டில் அரிச்சல்முனைச் சாலை திறக்கப்படும்வரை, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் செல்ல விரும்பியோர் மணலில் நடத்தல் வேண்டும். அன்றேல் அப்பகுதி ஓட்டுநரின் வாகனத்தில் ஏறுதல் வேண்டும். எந்த மணல் தாங்கும், எது புதையும், எவ்வேளையில் நீர் ஏறும் என்பவற்றையெல்லாம் அவ்வோட்டுநர் அறிந்திருந்தனர். நல்ல வழி இல்லாமையே நமக்கு ஒரு வழிகாட்டியைத் தந்தது எனலாம். இன்றோ, மதுரையில் ஏறிய மோட்டார் சைக்கிளிலேயே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் கடந்து முனையை அடைந்துவிடலாம். வழிகாட்டியின் துணை இன்றிச் செல்லும் நாம், அவர் அறிந்திருந்தவற்றுள் சிலவற்றையேனும் புறப்படுமுன் கற்றுக்கொள்ளுதல் கடமையன்றோ?

முதலாவது கற்க வேண்டுவது அவ்வூரின் வரலாறு. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டபின், இலங்கைக்குச் செல்வோர் தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றனர். துறைமுகமும், ரயில் நிலையமும், தபால் நிலையமும், கிறிஸ்தவ ஆலயமும் கொண்டு விளங்கிய அவ்வூரை 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலைப் பேரலைகள் வாரிக்கொண்டன; அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதனை அறிந்து செல்வோன் இடிந்த ஆலயத்தின் முன் சற்றே தலைவணங்கி நிற்பான். அறியாதவனோ அதன் சுவரில் தன் பெயரைக் கீறிவிட்டு வருவான்.

இரண்டாவது, கடலின் இயல்பு. வடக்கேயுள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். ஒன்று அமைந்திருக்கும் வேளையில் மற்றொன்று கொந்தளிக்கும். காற்று மாறினால் அவற்றின் குணமும் மாறும். இரு கடலும் சந்திக்கும் முனையில் நீரோட்டம் வலியது. வைகையிலும் கண்மாயிலும் நீந்திப் பழகிய திறமை அங்கே துணை செய்யாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை அறிவிப்பைப் பாராமல் புறப்படுதல் தைரியமன்று, அறியாமையேயாம்.

மூன்றாவது, குடிநீர். கண்மாய் நீரை நம்பி வாழும் நாட்டிற் பிறந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தனுஷ்கோடியில் மணலைச் சிறிதளவு தோண்டினால் நன்னீர் ஊறும். மழைநீர் மணலினூடு இறங்கி, கனத்த உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குவதே இதற்குக் காரணம். மீனவக் குடும்பங்கள் இவ்வூற்றுக்களிலேயே நீர் முகந்து வாழ்ந்து வந்துள்ளன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும்; அருகே அசுத்தம் செய்தால் ஊற்றே கெடும். ஆதலின் நமக்கு வேண்டிய நீரை நாமே கொண்டு செல்லுதலும், வெற்றுப் புட்டிகளையும் உணவுப் பொட்டலங்களையும் திரும்பக் கொண்டு வருதலும் நியாயம். பவளப்பாறைத் துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்து வருதல் சட்டப்படி குற்றம் என்பதையும், பூநாரைகளின் பொருட்டு 2025-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டுள்ளது என்பதையும் அனைவரும் அறிதல் நன்று. பறவைகளைப் பறக்கச் செய்து படம் பிடிப்பது, நெடுந்தூரம் கடந்து வந்த அவற்றின் இரையையும் இளைப்பாறுதலையும் பறிப்பதாகும்.

இன்னும் ஒன்று உண்டு. முனையில் சூரியோதயம் காணும் பொருட்டு நள்ளிரவில் மதுரையை விட்டுப் புறப்படும் வழக்கம் நம் இளைஞரிடையே பரவி வருகிறது. பரமக்குடி வரையுள்ள நான்குவழிச் சாலை வேகத்தைத் தூண்டும். உறக்கமோ விடியுமுன் வந்து இமைகளை அழுத்தும். முந்திய நாள் பகலிலேயே புறப்பட்டு, மண்டபத்திலோ இராமேசுவரத்திலோ இரவு தங்கி, விடியலில் முனைக்குச் செல்வோர் இழப்பது ஒன்றுமில்லை. பிள்ளைகள் வீடு திரும்பும்வரை உறங்காத பெற்றோரை நினைப்போர் இதனைச் சிறு காரியமென எண்ணார்.

இத்தகைய தீங்குகளுக்கெல்லாம் இடந்தரும் சாலையை அமைத்ததே பிழை என்பாரும் உளர். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. மீனைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிணியாளரை மருத்துவமனையிற் சேர்க்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் சாலை அம்மக்களுக்கு வேண்டற்பாலது. இனி, இவ்வளவு யோசித்துப் புறப்பட்டால் பிரயாணத்தின் இன்பம் குன்றும் என்பாரும் உளர். இலக்கணம் கற்றவனுக்குக் கவிதையின் சுவை குன்றுவதில்லை. கண்ணால் கடலைக் காணுமுன் கருத்தால் அதனை அறிந்தவன் இருமடங்கு காண்பான்.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. நம் கல்லூரியிலிருந்து எக்குழு தனுஷ்கோடிக்குச் சென்றாலும், அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஆயத்தத்துக்கென ஒதுக்குக. வரலாற்றுப் பேராசிரியர் புயலைப் பற்றியும், விலங்கியற் பேராசிரியர் மன்னார் வளைகுடா உயிரினங்களைப் பற்றியும் உரைப்பாராக. அக்கரையோரத்து மீனவக் குடும்பங்களிலிருந்து வந்து நம்மிடையே பயிலும் மாணவர் உளராயின், அவர்களே காற்றையும் கடலையும் பற்றிப் பேசுவாராக. அன்று மட்டும் பேராசிரியர்களும் மாணவராய் அமர்ந்து கேட்கலாம். அம்மாலைப்பொழுதால் விளையும் பயனை, அடுத்த நாள் நம் மாணவர் ஊற்றங்கரையில் நடந்துகொள்ளும் முறையிலே அவ்வூர் மக்கள் கண்டுகொள்வர்.