சுண்டுவிரலில் குறிஞ்சி

கொடைக்கானலிலிருந்து பேத்துப்பாறைக்குப் போகிற சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்காக அந்தப் பெண் போட்ட சண்டையைப் பார்த்திருக்க வேண்டும். தினம் பார்க்கிற மலைதான், ஆனாலும் ஜன்னல் வேண்டும். ஒரு காதில் இயர்போன். மறுகாது டிரைவர் சொல்லும் யானைக் கதைக்கு: ராத்திரி யாரோ ஒருத்தர் வாழையைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். மடியில் மஞ்சப்பை. மிக்சர் பொட்டலத்துக்கு அடியிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். சுண்டுவிரலில் மட்டும் பூசி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளைவில் பஸ் குலுங்க, பாதி தோலுக்குப் போய்விட்டது.

"என்ன கலரும்மா?"

"குறிஞ்சிக் கலருங்க."

2018இல் குறிஞ்சி பூத்தபோது அவள் ஆறாவது படித்தாளாம். அடுத்தது 2030. அதற்குள் வேலை, சொந்தமாக ஒரு ஸ்கூட்டி, பின்னால் அம்மா, நேரே குறிஞ்சியாண்டவர் கோயில். ஸ்கூட்டியின் நிறம்கூட முடிவாகிவிட்டது. வேலை எங்கே என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை!

இதைப் பகல்கனவு என்று வீட்டில் திட்டுவார்களாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்னிரண்டு வருஷம் வெறும் புதராக நின்று, ஒரே தடவை பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துபோகிற செடியைப் பார்க்க ஊர் ஊராகக் கார் எடுத்து வருகிறோம். இவள் கணக்குப் போட்டால் மட்டும் வெட்டிப்பொழுதா?

"மத்த ஒம்பது விரல்?" என்றேன்.

"அது வீட்டுலங்க, பஸ்ஸு ஆடாது."